பிக்கப்புக்கு டயர் மாத்தணும்: ஈசிஆர்லயும் ஓடணும், கடக்கரை மணல்லயும் ஏறணும், எது போடலாம்?

வலைக்காரன்_வாலிநோக்கம்

அண்ணன்மாரே ஒரு யோசனை வேணும். நம்மகிட்ட 2017 மாடல் இசுசு வி-கிராஸ் ஒண்ணு இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, போர் வீல் வண்டி. கம்பெனில வந்த 245/70 ஆர்16 சைஸு தான் இப்பவும் கெடக்கு, நாலும் பட்டன் தேஞ்சு மொட்டையாகப் போகுது, ஐப்பசி மழை புடிக்கிறதுக்குள்ள மாத்திரணும்.

வண்டிக்கு வேலை என்னன்னா, காலைல வலை, இன்ஜின், ஐஸ் பெட்டி எல்லாம் ஏத்திக்கிட்டு கடக்கரைக்கு எறங்கணும், படகு நிக்கிற எடம் வரைக்கும் பொசுபொசுன்னு மணல். அப்புறம் மீனை ஏத்திக்கிட்டு ஏர்வாடி, கீழக்கரை வழியா ராம்நாடு, சில நாளு கருவாடு லோடோட மதுரை வரைக்கும். உப்பளத்து பாதைலயும் போவோம். அக்காவை முதுகுளத்தூர் பக்கம் கட்டிக்குடுத்திருக்கு, மழைக்காலத்துல அங்க போனா கரிசல் மண்ணு. ஆனா கணக்கு பாத்தா முக்காவாசிக்கு மேல தார் ரோடு தான்.

கடைல கேட்டா "போர் வீல் வண்டிக்கு எம்டி (மட் டெரெய்ன், சேத்துக்கு உள்ள டயரு) போட்டா தான் கெத்து, எங்க வேணாலும் ஏறும்"ங்கிறாங்க. தம்பி ஏடி (ஆல் டெரெய்ன், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போடுங்கிறான். அப்பா கம்பெனி என்ன குடுத்தானோ அதையே போடுங்கிறாரு, அது எச்டி (ஹைவே டெரெய்ன், ரோட்டுக்கு உள்ளது). எல்லாம் காசு தான், ஒரு தடவ போட்டா நாலஞ்சு வருசம் ஓடணும். மணல்ல ஓட்டுற ஆளுக சொல்லுங்க.

உப்புக்காத்து

தம்பி, எம்டி வேணாம். கடைக்காரர் சொல்றாருன்னு போட்டுறாத, உனக்கு இருக்கிற வேலைக்கு அது நேர் எதிரி.

ஏன்னு சொல்றேன். எம்டி டயர்ல கட்டை கட்டையா பட்டன் இருக்கும், நடுவுல அகலமா இடைவெளி இருக்கும். சேத்துல அந்த கட்டை உள்ள எறங்கி கெட்டித் தரைய கவ்வும், சுத்தும்போது சேத்த வெளிய எறிஞ்சிட்டு மறுபடி கவ்வும். மணல்ல கவ்வுறதுக்கு அடில என்ன இருக்கு? காஞ்ச மணலு, எம்புட்டு தோண்டினாலும் மணலு தான். அதே கட்டை மம்பட்டி மாதிரி தோண்டி பின்னாடி எறியும், ரெண்டு சுத்துல வண்டி ஆக்சில் வரைக்கும் எறங்கி அடிவயிறு மணல்ல உக்காந்துரும். மணல்ல டயரு தோண்டக்கூடாது, மெதக்கணும். அதுக்கு பட்டன் முக்கியமில்ல, காத்து தான் முக்கியம்.

டிரைவர் பக்க கதவு ஓரத்துல ஸ்டிக்கர்ல போட்டிருக்குற காத்து அளவு ரோட்டுக்கு உள்ளது. மணல்ல எறங்குறதுக்கு முன்னாடி நிப்பாட்டி நாலு வீல்லயும் 18 பிஎஸ்ஐ சுமாருக்கு எறக்கு, பின்னாடி ஐஸும் இன்ஜினும் இருந்தா பின் வீல்ல 22 வச்சுக்க. காத்து எறங்க எறங்க டயரு தரைல படுற எடம் நீளமாகும், அகலம் கொஞ்சம் தான் கூடும், நீளம் தான் நல்லா கூடும், அந்த நீளத்துல வண்டி பாரம் பரவி மேலேயே போயிரும். 15க்கு கீழ எறக்காத, அப்புறம் ஸ்டியரிங்க வெடுக்குன்னு ஒடிச்சா டயரு ரிம்ம விட்டு கழண்டுரும். எறங்குனதும் போர் வீல்ல போட்டு, ஒரே சீரா, ஆக்சிலேட்டர முறுக்காம போ. நிப்பாட்டணும்னா எறக்கமா உள்ள எடத்துல நிப்பாட்டு, பிரேக் அடிக்காம தானா உருண்டு நிக்க விடு, பிரேக் அடிச்சா முன்னாடி மணலு குவிஞ்சு அதுவே தடுப்பாயிரும். வீலு சுத்த ஆரம்பிச்சா உடனே காலை எடுத்துட்டு, வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடு. அப்பவும் மாட்டுச்சுன்னா வீலுக்கு முன்னாடி மணலை வாரிட்டு பனை ஓலையோ சாக்கோ போட்டு ஏத்து, நம்ம பக்கம் பனைக்கு என்ன பஞ்சம்.

அரிச்சல்முனைக்கு ரோடு 2017ல தான் தொறந்தாங்க, அதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்துல இருந்து தனுஷ்கோடிக்கு வேனும் ஜீப்பும் மணல்லயும் தண்ணிலயும் தான் போயிட்டு வந்துச்சு. பெருசா டயர் பேரெல்லாம் யாரும் பேசல, மணலை படிச்ச டிரைவருக ஓட்டுனாங்க, அம்புட்டுதான்.

இன்னொண்ணு, இது தான் ரொம்ப முக்கியம். மணல்ல இருந்து ஏறுனதும் திரும்ப காத்து அடிக்காம ஈசிஆர்ல ஏறிராத. கொறஞ்ச காத்து, பின்னாடி மீன் லோடு, சித்திரை வெயில்ல கொதிக்கிற தாரு, மூணும் சேந்தா டயரோட பக்கச்சுவரு மடங்கி மடங்கி சூடேறி வெடிச்சிரும். அதனால முதல்ல நல்ல கம்ப்ரெசர் ஒண்ணு வாங்கு, பேட்டரில நேரா கிளிப் மாட்டுற ரகம். சிகரெட் லைட்டர்ல சொருகுற சின்ன பம்பு இந்த சைஸ் டயருக்கு காணாது, ப்யூஸும் போயிரும்.

டயருன்னு கேட்டா ஏடி போடு. ரொம்ப முரட்டு ஏடி இல்ல, நடுவுல பட்டன் நெருக்கமா இருக்குற சாதுவான ஏடி.

பஞ்சர்கடை_உச்சிப்புளி

மேல அண்ணே சொன்னது அத்தனையும் சரி, நான் கடைல பாக்குறதையும் சொல்லிர்றேன்.

நம்ம மாவட்டத்துல டயரு சாகுறது மணலால இல்ல, சீமைக்கருவேலத்தால. அதுல ரெண்டு தினுசு. ஒண்ணு முள்ளு, பட்டன் நடுவுல ஏறும், ட்யூப்லெஸ்ல உடனே காத்து எறங்காது, முள்ளே அடைச்சிக்கிட்டு நிக்கும். வண்டிக்காரரு பாத்துட்டு அந்த எடத்துலயே பிடுங்குவாரு, புஸ்ஸுன்னு போயிரும். பிடுங்காதீங்க, காத்து நிக்கிற வரைக்கும் மெதுவா கடைக்கு ஓட்டிட்டு வாங்க. பழைய ட்யூப் டயருன்னா இன்னும் தொல்லை, முள்ளு நுனி ஒடிஞ்சு கவருக்குள்ளயே நிக்கும், புது ட்யூப் போட்டாலும் மறுநாளே குத்தும். நாங்க கவரை கழட்டி உள்ள சுத்தி பழைய துணிய வச்சு தடவுவோம், துணில நூலு எங்க மாட்டுதோ அங்க முள்ளு இருக்கும், வெறுங்கையால தடவுனா கை கிழிஞ்சிரும்.

ரெண்டாவது தான் மோசம். கரிமூட்டத்துக்கு கருவேலம் வெட்டுறாங்கல்ல, வெட்டுன அடிக்கட்டை பாதை ஓரத்துல சாய்வா கூரா நிக்கும், புல்லு மறைச்சிருக்கும். எதிர வர்ற வண்டிக்கு ஒதுங்கும்போது பக்கச்சுவர்ல குத்தி கிழிச்சிரும். பக்கச்சுவரு கிழிஞ்சா பஞ்சர் ஒட்ட முடியாது, ஒட்டித்தர்றேன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க, லோடு ஏத்துனா வெடிக்கும். அதுலயும் காத்து எறக்கி வச்சிருந்தா பக்கச்சுவரு வெளிய பிதுங்கி நிக்கும், கட்டைக்கு இன்னும் தோதாப் போயிரும். மணலுக்கு மட்டும் காத்தை எறக்கு, உப்பளத்து பாதைல கருவேலத்துக்குள்ள போறப்ப எறக்காத. எச்டிய விட ஏடிய நான் சொல்றதும் இதுக்குத்தான், பட்டன் ஆழம் கூட, எல்டி (லைட் டிரக், லோடு வண்டிக்கு உள்ளது) ரகத்துல எடுத்தா பக்கச்சுவரும் தடிமனா வரும்.

அப்புறம் உப்பு. கடத்தண்ணில எறங்குன வண்டியோட ரிம்மு, டயரு உக்கார்ற வாயில துருப்பிடிச்சு பொரிப்பொரியா எந்திரிக்கும், அது வழியா தினம் கொஞ்சம் கொஞ்சமா காத்து எறங்கும். முள்ளு எங்கன்னு தேடுவாங்க, முள்ளே இருக்காது. புது டயரு மாட்டும்போதே ரிம் வாயை கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு சுத்தம் பண்ணச் சொல்லி கூடவே நில்லு, வால்வும் புதுசா மாத்திரு, வால்வுக்கு மூடி கட்டாயம், மணலு போனா பின்னு ஒழுகும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணிய ரிம்முக்கு உள்பக்கமா அடி.

கரிசக்காட்டான்

நான் முதுகுளத்தூர் பக்கம். எம்டிய இம்புட்டு திட்டாதீங்கப்பா. நம்ம கரிசல்ல மழை பேஞ்ச மறுநாள் வந்து பாருங்க, ஏடி பட்டன் இடைவெளில களிமண்ணு அப்பி நாலு சுத்துல டயரு வழுவழுன்னு ஆயிரும், அப்புறம் கண்மாய்க்கரைல வண்டி பக்கவாட்டுல தான் போகும். எம்டி மட்டும் தான் மண்ணை உதறிட்டு ஏறும். டிராக்டர் டயரு ஏன் அப்படி இருக்குன்னு யோசிங்க.

ஆனா தம்பி கேட்டதுக்கு நியாயமா சொல்லணும்னா, வருசத்துல சில நாளு அக்கா ஊருக்கு வர்றதுக்காக எம்டி போடாத. எம்டி தார்ல ஊஊன்னு எரையும், மதுரைக்கு போயிட்டு வந்தா காது அடைச்சுப் போகும், டீசலும் கூட குடிக்கும், சீக்கிரம் தேயும். ஈர ரோட்டுல பிரேக் பிடிச்சா தள்ளிக்கிட்டு போயி தான் நிக்கும், ரப்பரு தரைல படுற எடம் கம்மி. மழை பேஞ்சா மெயின் ரோட்டுலயே வண்டிய நிப்பாட்டிட்டு மச்சானை டிராக்டர் எடுத்துட்டு வரச்சொல்லு.

வலைக்காரன்_வாலிநோக்கம்

ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும். அப்ப எம்டி கிடையாது. இன்னும் ரெண்டு கேள்வி. மணலுக்கு அகலம் நல்லதுன்னா 265/70 ஆர்16 போடலாமா, இல்ல இன்னும் பெருசா 265/75 போடலாமா? டயர்ல என்னென்ன எழுத்து பாத்து வாங்கணும்?

மண்டபம்_டீசல்

கணக்கு போட்டுப் பாப்போம். 245/70 ஆர்16 மொத்த உசரம் 749 மில்லிமீட்டர். 265/70 ஆர்16 போட்டா 777, கிட்டத்தட்ட 3.7 சதவீதம் கூட, மீட்டர்ல 100 காட்டும்போது நெசமா 103க்கு மேல போற. 265/75ன்னா 804, 7 சதவீதத்துக்கு மேல போயிருது, ஸ்டியரிங் ஒடிச்சா உரசும், வண்டியோட இழுவை செத்துப் போகும், லோடோட ஏத்தத்துல கிளட்ச் வேகும், இன்சூரன்ஸ் கிளைம்னு வந்தா அதையும் கேப்பான். லோடு அடிக்கிற வண்டிக்கு கம்பெனி சைஸுலயே நில்லு. காத்து எறக்குனா கிடைக்கிற பலன்ல கால்வாசி கூட இந்த 20 மில்லிமீட்டர் அகலம் தராது.

எழுத்து விசயம்: சைஸுக்கு பக்கத்துல ஒரு நம்பரும் ஒரு எழுத்தும் இருக்கும். நம்பரு லோடு இன்டெக்ஸ், 107ன்னா ஒரு டயரு 975 கிலோ தாங்கும், 111ன்னா 1090 கிலோ. உன் பழைய டயர்ல என்ன இருக்கோ அதுக்கு கம்மியா மட்டும் வாங்கவே வாங்காத, மீன் வண்டிக்கு இது தான் முதல் கண்டிசன். எழுத்து வேகத்துக்கு, க்யூன்னா 160, எஸ்ஸுன்னா 180, நமக்கு எதுவும் போதும். அடுத்து முட்டை வடிவ கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், 2325ன்னா 2025ம் வருசம் 23வது வாரம் செஞ்சது. உப்புக்காத்துலயும் வெயில்லயும் ஓடாமலே ரப்பருல வெடிப்பு விழும், அதனால குடோன்ல ரெண்டு வருசம் கெடந்த டயரை ஆஃபர்னு தள்ளுனா திருப்பிக் குடுத்துரு. மலைப் படமும் பனிப்படமும் போட்ட முத்திரை சில ஏடில இருக்கும், அது பனில ஓடுறதுக்கு சோதிச்ச அடையாளம், அதுக்காக கூட காசு குடுக்காத. யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி, அப்போலோ ஆப்டெரா ஏடி2 ரெண்டும் நீ சொல்ற ஓட்டத்துக்கு தோதான ரகம், உன் சைஸு இருப்பு இருக்கான்னு ராம்நாட்டுலயும் மதுரைலயும் விசாரிச்சிரு.

அப்பா சொன்ன எச்டியும் தப்பில்ல, அதை சொல்லியாகணும். காத்தை எறக்குனா எச்டியே மணல்ல நல்லா மெதக்கும், ரோட்டுல மழைல ஏடிய விட நல்லா நிக்கும். பாம்பன் பாலத்துல மழையும் காத்தும் அடிக்கிறப்ப இரும்பு ஜாயிண்ட்டு மேல போயிருந்தா புரியும், அங்க ஈரப்பிடிப்பு தான் உயிரு. கருவேலம் மட்டும் இல்லைன்னா நானே எச்டி தான் சொல்லியிருப்பேன்.

ஆமைக்காவல்

ஒரு வேண்டுகோள். பொழப்புக்கு கடக்கரைல எறங்குறது வேற, ஆனா இதை படிச்சிட்டு காத்தை எறக்கிட்டு தனுஷ்கோடி பக்கம் ஜாலியா மணல்ல வண்டி விட யாரும் போயிராதீங்க. தை, மாசி, பங்குனில பங்குனி ஆமைக ராத்திரில ஏறி முட்டையிடுது, வனத்துறை ஆளுக விடியக்காலைல தடம் பாத்து முட்டைய எடுத்துட்டுப் போயி பொரிப்பகத்துல வைக்கிறாங்க. வண்டித் தடம் விழுந்தா ஆமைத் தடம் அழிஞ்சிரும், குழிக்கு மேல வீலு ஏறுனா முட்டை நசுங்கிரும். வேலைக்கு எறங்குறவங்களும் தெனம் ஒரே தடத்துல எறங்கி ஏறுங்க, மேட்டு மணல்ல கொடி படந்த எடத்துல ஏத்தாதீங்க.

வலைக்காரன்_வாலிநோக்கம்

எங்க ஊர்ல எறங்குறதுக்கு ஒரே பாதை தான்ணே, அதுல தான் எல்லாரும் போறோம். சைஸ மாத்தல, ஏடியே போடுறேன், கம்ப்ரெசரும் சேத்து வாங்கிர்றேன். நாலு போதுமா அஞ்சு வாங்கணுமா? ஸ்டெப்னி இன்னும் பழைய எச்டி தான், ஓடாம புதுசு மாதிரி கெடக்கு.

பஞ்சர்கடை_உச்சிப்புளி

2017 ஸ்டெப்னின்னா புதுசு மாதிரி தான் தெரியும், ரப்பரு காஞ்சிருக்கும். வண்டிக்கு அடில தொங்குறதால உப்புத்தண்ணி பூராவும் அது மேல தான் அடிக்கும், எறக்கிப் பாரு, தொங்குற செயினும் துருப்பிடிச்சு சுத்த முடியாம இருக்கும், கிரீஸ் வை. அஞ்சா வாங்கிரு. போர் வீல்ல போட்டு ஓட்டும்போது ஒரு டயரு மட்டும் உசரம் வித்தியாசமா இருந்தா கியர் பெட்டி முறுக்கிக்கும். அஞ்சையும் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ சுத்தி மாத்திக்கிட்டே வந்தா எல்லாம் ஒண்ணுபோல தேயும். மாத்த வரும்போது காலைல வெரசா வா, பத்து மணிக்கு மேல லாரி வந்துரும்.