புதுப்பிப்பு: புக்கிட் தீமா காட்டில் எழுத்து முகாம், நோட்டு நனையாமல் இருக்க வழி

ஆறு பேர் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றுக் காட்டில் ஒருநாள் உட்கார்ந்து எழுதப் போகிறோம், ஈரத்தில் மை ஊறாமல் இருக்க என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது பதில் எழுதிய ஓர் அக்கா சொன்ன பென்சில்தான். காலை 7 மணிக்குத் திறந்ததுமே உள்ளே போய்விட்டோம். பத்தரைக்கு மழை. ஜெல் பேனாப் பக்கம் நீலக் குட்டை. 2பி பென்சில் வரிகள் அப்படியே இருந்தன.

நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போடச் சொன்ன யோசனை மட்டும் வேண்டாம். சரசரப்பு கேட்டதும் நீண்டவால் குரங்கு ஒன்று இறங்கிவந்து பிடுங்கிக்கொண்டது. பை என்றாலே அதற்குத் தீனி. நல்லவேளை, மோந்து பார்த்துவிட்டு நோட்டைக் கீழே போட்டது. முதுகுப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்றின் உச்சி 163 மீட்டர்தான், ஆனால் ஏற்றம் செங்குத்து. ஏறிய இருவரும் ஒரு வரி எழுதவில்லை. செராயா என்ற உயரமான காட்டு மரத்தின் அடியில் உட்கார்ந்தவர்கள்தான் எழுதினோம்.