சீனப் பேரரசர்களை எந்தப் பெயரில் எழுதுவது? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஹான் வம்சம் முதல் சிங் வம்சம் வரையிலான சீனப் பேரரசர்களின் காலவரிசையைத் தமிழில் தயார் செய்துகொண்டிருக்கிறேன். பெயர்களில்தான் சிக்கல்.

மிங் வம்சத்து யோங்லே பேரரசரையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பெயர் சூ தி. 1402இல் அரியணை ஏறினார். 'யோங்லே' என்பது அவர் ஆட்சியாண்டுகளுக்கு வைத்த பெயர்தான். இறந்தபின் முன்னோர் கோயிலில் வழங்கிய பெயர், அதாவது கோயில் பெயர், தைசோங். அதையும் 1538இல் ஜியாஜிங் பேரரசர் செங்சூ என்று மாற்றிவிட்டார்! இது போக, புகழ்மொழிகளைக் கோத்த நீளமான மறைவுப் பட்டம் (இறந்தபின் சூட்டுவது) வேறு.

பொதுவாக ஹான் அரசர்களை மறைவுப் பட்டத்தாலும் (வூதி), தாங், சோங் அரசர்களைக் கோயில் பெயராலும், மிங், சிங் அரசர்களை ஆட்சியாண்டுப் பெயராலும் குறிக்கிறார்கள். மிங் காலம் முதல் ஒருவருக்கு ஒரே ஆட்சியாண்டுப் பெயர் என்பதால் அது வசதி. ஆனால் மிங் பேரரசர் யிங்சோங் (இது கோயில் பெயர்) அங்கேயும் இடிக்கிறார். 1449இல் மங்கோலியரிடம் சிறைப்பட்டு அரியணையை இழந்து, 1457இல் மறுபடி அரியணை ஏறியதால் அவருக்கு ஜெங்தோங், தியான்ஷுன் என்று இரண்டு.

இந்த வழக்கத்தையே பின்பற்றலாமா, இல்லை எல்லாருக்கும் கோயில் பெயரா? பின்னதென்றால் காங்ஷி பேரரசர் 'ஷெங்சூ' ஆகிவிடுவார், யாருக்கும் அடையாளம் தெரியாது. தைசோங்குகளும் பலர், வம்சப் பெயரை முன்னால் சேர்த்தால் போதுமா?

அப்புறம், மாண்டரின் தெரிந்தவர்கள் என் தமிழ் எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா? பட்டியலை அனுப்புகிறேன்.