அலமாரி ரீல்களை மாணவர் ப்ராஜெக்டுக்குக் கொடுக்கலாமா?

விஸ்காம் வாத்தியார்:
ப்ரொஜெக்டர் காலத்து 16 மி.மீ. ஃபிலிம் டப்பாக்கள் இன்னும் பல கல்லூரிகளில் பூட்டிக் கிடக்கின்றன. மத்திய அரசின் ஆவணப்படப் பிரிவாக இருந்த ஃபிலிம்ஸ் டிவிஷனின் பிரிண்டுகள், ஆண்டுவிழாப் பதிவுகள், பழைய மாணவர் குறும்படங்கள். ஆவணப்பட ப்ராஜெக்டுக்கு இவற்றைக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. நம் ஊர்ப் புழுக்கத்தில் பூட்டி வைத்தாலும் கெடத்தான் போகின்றன.

கைரிவைண்டர்:
கொடுப்பது என்றால், ப்ரொஜெக்டரில் ஏற்றுவதா? கூடவே கூடாது. பிரிண்டின் ஓரத்தில் துளைக்குத் துளை 7.62 மி.மீ. நூறு இடைவெளியை எஃகு ஸ்கேலில் அளந்தால் 762 மி.மீ. வர வேண்டும். 756-க்குக் கீழே இறங்கினால் சுருக்கம் 0.8 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ப்ரொஜெக்டரின் நகம் துளையில் சரியாக இறங்காமல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே போகும். (நெகட்டிவ் என்றால் கணக்கு வேறு, அது புதிதிலேயே 760.5 இருக்கலாம்.) திரையில் படம் ஆடுகிறதே என்று கவனிப்பதற்குள் பல அடி போயிருக்கும்.

விஸ்காம் வாத்தியார்:
ஏற்றச் சொல்லவில்லை சார். லைட் டேபிள், மேக்ரோ லென்ஸ், மிர்ரர்லெஸ் கேமரா, சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 95-க்கு மேலுள்ள எல்.ஈ.டி. பலகை. ஃபிரேம் ஃபிரேமாக எடுத்தால் போதுமே.

கைரிவைண்டர்:
கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிக்கு 40 ஃபிரேம். 400 அடி ரீல் ஓடுவது 11 நிமிடம், ஃபிரேம் 16,000. நொடிக்கு ஒன்றாக நிற்காமல் எடுத்தாலும் நாலரை மணி நேரம். ரா ஃபைல் 25 எம்.பி. என்றால் ஒரு ரீலுக்கு 400 ஜி.பி. ஒலி இன்னொரு தலைவலி: ஆப்டிகல் ட்ராக், அதாவது ஃபிலிம் ஓரத்தில் படமாகப் பதிந்த ஒலிக்கோடு, படத்துக்கு 26 ஃபிரேம் முன்னால் இருக்கும். அதை நகர்த்தாமல் ஷாட்டை வெட்டினால் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

காடிவாடை:
ஒலிக்கு வழி இருக்கிறது. ட்ராக்கும் ஃபிரேமுக்குள் விழும்படி எடுங்கள். தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஏ.இ.ஓ.-லைட் என்ற இலவச மென்பொருள் அந்தப் படத்திலிருந்தே சத்தத்தை எடுத்துவிடும்.

ஆனால் இரண்டு பேரும் முதல் வேலையைத் தாண்டிப் போய்விட்டீர்கள். டப்பாவைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை வருகிறதா? ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் அழுகத் தொடங்கிவிட்டது. மூக்கை மட்டும் நம்பாமல், அமிலத்துக்கு நிறம் மாறும் ஏ-டி ஸ்ட்ரிப் காகிதத்தை மூடிய டப்பாவுக்குள் 24 மணி நேரம் வையுங்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சைக்குப் போய் ஸ்ட்ரிப்பின் நிற அளவில் 1.5-ஐத் தொட்டால் அதன்பின் அழுகல் தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்ளும். ஓரத்தில் ஒலிக்கான பழுப்புக் காந்தப் பட்டை உள்ள ரீல்கள் முதலில் போகும், இரும்பு ஆக்சைடு அதைத் தூண்டும். அந்த டப்பாக்களை உடனே தனியே பிரித்து வையுங்கள். ஸ்கேன் வரிசையிலும் அவைதான் முதலில்.

விஸ்காம் வாத்தியார்:
சரி. நல்ல நிலையில் இருப்பதையாவது கையில் கொடுக்கலாமல்லவா? ஸ்ப்ளைஸ் (ஃபிலிமை வெட்டி ஒட்டும் ஒட்டு) போடத் தெரியாமல் ஃபிலிம் பாடம் எதற்கு?

கைரிவைண்டர்:
ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம் என்றால் வேறு பிரிண்டும் இருக்கும். அதில் வெட்டி ஒட்டிப் பழகட்டும், தடுக்கவில்லை. கல்லூரியிலேயே எடுத்த ரிவர்சல் ரீல்? நெகட்டிவே கிடையாது, கேமராவில் ஓடிய ஃபிலிமேதான் அது. அதைத் தொடக் கூடாது. ஒட்டுவதிலும் ஒன்று: ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் அடித்தளம் பாலியெஸ்டர். ஃபிலிம் சிமெண்ட் என்ற பசை பிடிக்காது, டேப் ஸ்ப்ளைஸ்தான். பழைய ஒட்டு பிரிந்திருந்தால் டேப்பின் பசையை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எடுங்கள். மருந்துக்கடை 70 சதவீதம் வேண்டாம், அதிலுள்ள தண்ணீர் எமல்ஷனை (படம் பதிந்த பூச்சை) ஊற வைக்கும்.

காடிவாடை:
யூடியூபில் ஏற்றுவதும் தனிக் கதை. திரைப்படத்துக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு காப்புரிமை, அதாவது 1960-இல் வந்தது 2020-உடன் முடிந்தது. ஆனால் அதிலுள்ள பாட்டுக்கு, எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு. 1957 சட்டத்தின் 52-ஆம் பிரிவு வகுப்பறைப் பாடத்துக்குத் தரும் விலக்கு இணையத்தில் ஏற்றுவதற்குச் செல்லாது.

விஸ்காம் வாத்தியார்:
அப்படியானால் முதல் மாதம் அளவும் பட்டியலும் மட்டும். சுருக்கம், ஸ்ட்ரிப் நிறம், ஒலி வகையை டப்பா மூடியில் எழுதிவிடலாம்.

கைரிவைண்டர்:
மூடியில் வேண்டாம், இரண்டு டப்பா ஒன்றாகத் திறந்தால் மூடி மாறிவிடும். ரீலின் தலையில் புது வெள்ளை லீடர் (படமில்லாத வெற்று ஃபிலிம்) ஒட்டி அதில் எழுதச் சொல்லுங்கள். ஸ்ப்ளைஸ் பழகவும் அதுவே போதும்.