உதவி: என்ஜிசி 330 பிரியுதில்ல, மட்டக்களப்பு கல்லடியில 6 அங்குல நியூட்டோனியன் (ஆடித் தொலைநோக்கி)

கல்லடி_இரவு:
சிறிய மெகல்லன் முகில் எண்ட பக்கத்துக் குட்டி விண்மீன் மண்டலத்தில இருக்கிற என்ஜிசி 330 நட்சத்திரக் கொத்தைப் பார்க்கணும். அந்தப் பக்கம் திருப்பினா பெரிய பஞ்சு உருண்டைதான் வருது, ஒரு நட்சத்திரமும் பிரியுதில்ல. கண்ணாடி பிழையா? மாரி தொடங்க முதல் பார்த்திரணும், கெதியாச் சொல்லுங்க.

வாவிக்கரை:
எத்தனை மணிக்குப் பார்த்தீங்க? கண்வில்லை என்ன?

மருதமுனையான்:
ஆடி அச்சு விலகியிருக்கும். பிரகாசமான நட்சத்திரமொன்றைக் குவியத்திலிருந்து கொஞ்சம் விலக்குங்க. வளையங்கள் ஒரு பக்கம் ஒதுங்கினா முதன்மை ஆடித் திருகாணியைத் திருத்துங்க.

ஒலுவில்_வான்:
கடற்காத்து ஈரம். சின்ன ஆடியில பனி பிடிச்சிருக்கும். துணியால துடைக்காதீங்க, உப்புக் கீறிப்போடும்.

துருவன்:
தம்பி, வரைபடம் விரிக்காம கண்ணாடியைக் குற்றம் சொல்லப்படாது. நேரமும் உருப்பெருக்கமும் எழுதாம கேட்டா யாரால சொல்ல ஏலும்? இதெல்லாம் அடிப்படை.

கல்லடி_இரவு:
நேற்று, செப்டம்பர் நடுப்பகுதிதானே. இரவு 11. குவியத்தூரம் 750 மிமீ, கண்வில்லை 25 மிமீ.

வாவிக்கரை:
அப்ப 30 மடங்கு. அதில முழுநிலா அகலத்துக்குப் பஞ்சு தெரிஞ்சா அது என்ஜிசி 104. நம்ம பால்வீதியின் கோளக் கொத்து (பந்தாத் திரண்ட பழைய நட்சத்திரக் கூட்டம்), 15,000 ஒளியாண்டு அளவில நிக்குது. 330 இருக்கிறது 2 லட்சம் ஒளியாண்டில, நிலா அகலத்தில பத்திலொரு பங்குதான். மட்டக்களப்பில அது உச்சத்திலயும் 10 பாகைக்கு மேல ஏறாது. 11 மணிக்கு 7 பாகைதான், தெற்கே காத்தான்குடி வெளிச்சம் வேற. இரவு ஒன்றரை மணிக்குத்தான் உச்சத்துக்கு வரும், அப்ப 104ஐ நடுவில வச்சு, கிழக்கே இரண்டரை பாகை தள்ளுங்க. தெற்குப் பார்த்து நிண்டா அது இடப்பக்கம், குழாய்க்குள்ள தலைகீழாத் தெரியும். அந்தத் தாழ்வில வளி ஒன்றரைப் பருமன் (நட்சத்திர வெளிச்ச அளவு) வெளிச்சத்தையாவது தின்னும். நட்சத்திரம் பிரியாது, சின்னத் திட்டைத் தேடுங்க.

துருவன்:
330ஐத் திறந்த கொத்து (தளர்வான இளம் நட்சத்திரக் கூட்டம்) எண்டு பட்டியல்ல போடுறதே பிழை. நிறை பத்தாயிரக்கணக்கான சூரியன். கார்த்திகைக் கொத்து ஆயிரத்தையும் எட்டாது.

ஒலுவில்_வான்:
வயதைப் பாருங்க அண்ணா. 330க்கு ஏறக்குறைய 4 கோடி வருசம், 104க்கு 1,000 கோடிக்கும் மேல. வேகமாச் சுழலுற நீல நட்சத்திரங்கள் நிறைஞ்சதைக் கோளக் கொத்தோட எப்படிச் சேர்க்கிற?

துருவன்:
வயதை வச்சுப் பிரிக்கிறது பால்வீதிக்குச் சரி. மெகல்லன் முகில்கள்ல இளங்கொத்தும் இப்படித் திரண்டு கிடக்கு. ரெண்டு பெட்டிக்குள்ளயும் அடங்காது.

மருதமுனையான்:
மறுகாவும் சொல்றன், அச்சைப் பாருங்க.

கல்லடி_இரவு:
104தான். கிழக்கே தள்ள மங்கலாத் திட்டொன்று வந்தது. நன்றி.

வாவிக்கரை:
10 மிமீ போடுங்க, 75 மடங்கில பின்வானம் கறுக்கும். பொத்துவிலுக்குத் தெற்கே போனா கிட்டத்தட்ட ஒரு பாகை கூடும், இருட்டும் நல்லம். 330க்குப் பக்கத்தில இருக்கிற என்ஜிசி 290 கொத்து மட்டும் இந்தத் தாழ்வில 6 அங்குலத்துக்குச் சிக்காது.