வென்டிலேட்டர் 'ட்ரையல் ஃபெயில்' என்றால் அப்பா மோசமாகிறாரா?

அப்பாவுக்கு நிமோனியா. வாய்வழிக் குழாய் போட்டு இன்று ஒன்பதாவது நாள். நேற்றும் இன்றும் காலையில் மெஷினின் உதவியைக் குறைத்துப் பார்த்தார்கள். நேற்று பத்து நிமிடம், இன்று இருபது. அதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது, பழையபடி வைத்துவிட்டார்கள். "ட்ரையல் ஃபெயில்" என்று காதில் விழுந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. டாக்டரைக் கேட்டால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார்.

பதில் 1
ஐசியுவில் சுவாச சிகிச்சை பார்ப்பவன் நான். 'ஃபெயில்' என்று நானும் தினமும் சொல்கிறேன், உறவினர் பக்கத்தில் நிற்பது அப்புறம்தான் கண்ணில் படும். இந்தச் சோதனையை அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஓட்டுவோம். களைப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தை ஒருமுறை களைத்துப்போக வைத்துவிட்டால் அது தேற ஒரு நாள் ஆகும். மறுநாள் திரும்பச் செய்வது வழக்கம்தான்.

ஒரு கணக்கும் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை மூச்சோ, அதை ஒரு மூச்சில் போகும் காற்றின் லிட்டரால் வகுப்போம். 32 மூச்சு, ஒவ்வொன்றும் கால் லிட்டர் என்றால் 128. 105-க்குக் கீழே வந்தால் நம்பிக்கை. ஆனால் எண்ணைவிட நான் கழுத்தைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை புடைத்தால் எண் நன்றாக இருந்தும் பயனில்லை.

இருமலும் முக்கியம். குழாயின் வாய்க்கு ஓரிரு சென்டிமீட்டர் முன்னால் வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்து இருமச் சொல்வோம். அட்டை நனைந்தால் சளியை அவரே வெளியேற்றிக்கொள்வார்.

"ஏன் ஃபெயில்?" என்று கேளுங்கள். மயக்க மருந்தா, சளியா, உடம்பில் தேங்கிய நீரா, இதயமா? பதில் அதில்தான் இருக்கிறது.

பதில் 2
நான் அந்தக் கட்டிலில் கிடந்தவள். மூன்று முறை 'ஃபெயில்', நாலாவதில் எடுத்தார்கள். குழாய் குரல் நாண்களுக்கு நடுவே போவதால் சத்தமே வராது. தங்கை எழுத்து அட்டை பிடித்தாள். தண்ணீர் கேட்பேன் என்று நினைத்திருக்கிறாள். நான் காட்டியது 'கா', 'லு', 'றை'. கழற்றச் சொன்னேன், அவ்வளவுதான். சளி உறிஞ்சும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து விநாடிதான், ஆனால் உள்ளே கிடப்பவருக்கு அது நீளம்.

கேட்டவர்
கேட்டேன். இரவு மயக்க மருந்து அதிகமாம், குறைத்திருக்கிறார்கள். இன்று நாற்பது நிமிடம் தாங்கினார், அட்டையும் நனைந்ததாம். குழாயை இன்னும் எடுக்கவில்லை. எழுத்து அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன்.