பொருள்: ஆசிரியரின் ‘பெர்சனல் லேர்னிங் நெட்வொர்க்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

மடல் 1: தருமபுரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சிக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஓர் இயல் முழுக்க ‘பெர்சனல் லேர்னிங் நெட்வொர்க்’ பற்றியது. ஓர் ஆசிரியர் தான் கற்றுக்கொள்வதற்காகத் தானே தேடிச் சேர்த்துக்கொண்ட ஆட்கள், குழுக்கள், தளங்கள் எல்லாம் அதில் அடக்கம். அதை இணையத்தின் வழியாக எப்படி விரித்துக்கொள்வது என்பதுதான் இயலின் பேச்சு.

‘தனிநபர் கற்றல் வலையமைப்பு’ என்று எழுதி, எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) படித்துக் காட்டினேன். “டியூஷன் பற்றியதா, மேடம்?” என்று ஓர் ஆசிரியர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தனிப்பயிற்சி, தனித்தேர்வர் என்றே பழகிய காது அது.

பொருள் விளங்க ஓர் எடுத்துக்காட்டு. மலையில் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் வேலை செய்யும் ஆசிரியை, காற்றழுத்தத்துக்குச் செலவில்லாத சோதனை வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். வேறு மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் வீணான பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டும் அரவிந்த் குப்தாவின் தளத்திலிருந்து, வீணான டப்பாவையும் சைக்கிள் டியூப் துண்டையும் வைத்துப் பம்பு செய்யும் காணொளியை அனுப்பினார். மறுநாள் பிள்ளைகள் அதில் பலூன் ஊதினார்கள். அந்த இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. இந்த உறவுக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

மடல் 2: மதுரையிலிருந்து

அம்மா, ‘தனிநபர்’ கட்டாயம் போக வேண்டும். ‘தனி’ என்றால் ஒற்றை. நீங்கள் சொல்வதோ பலரோடு கற்பது. பொருளே தலைகீழாகிறது.

இந்தக் கருத்து நமக்குப் புதிதும் அல்ல. நன்னூல் மாணாக்கன் கல்வியை நாலு கூறாக்குகிறது. ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. ‘அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்’, உடன் கற்பவரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால். பிறருக்கு உரைக்கும்போது மீதி அரை. உங்கள் கையேடு பேசுவது அந்த இரண்டாம் காலைப் பற்றி. ஆகவே சொல் ‘பயில்’ என்பதிலிருந்து பிறக்கட்டும். கற்பதும் பயில்வதுதான், பழகுவதும் பயில்வதுதான். ‘பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ என்ற குறளில் இரண்டு சொல்லும் பக்கத்திலேயே இருக்கின்றன. என் பரிந்துரை: பயில்தொடர்பு. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

புணர்ச்சியைக் கேட்பீர்கள். விதிப்படி லகரமும் தகரமும் திரிந்து ‘பயிறொடர்பு’ என்றாக வேண்டும். பழைய பதிப்புகளில் அந்தக் குறளும் ‘நவிறொறும்’, ‘பயிறொறும்’ என்றே இருக்கும். என் மனம் அதைத்தான் விரும்புகிறது.

வலை பற்றியும் ஒன்று. வல், வள், வளை, வளையம், வலயம், வலை எல்லாம் வளைதல் என்ற ஒரே கருத்தில் கிளைத்தவை என்பது என் எண்ணம். வல்லி என்ற கொடியையும் இதில் சேர்க்கலாம். கொடி பற்றிப் படர்வது, வலை பின்னிப் படர்வது. விரித்துத் தனி மடலாக எழுதுகிறேன்.

மடல் 3: கோவையிலிருந்து

ஐயா, வேர் ஆராய்ச்சி தனி இழையில் நடக்கட்டும். அவங்களுக்கு வெள்ளிக்கிழமை கெடு.

‘பயிறொடர்பு’ என்று அச்சடித்தால் பாசிப்பயிறு நினைவுக்கு வரும். பிரித்து எழுதினால் தமிழுக்கு ஒன்றும் ஆகிவிடாது. குறளையே பிரித்துத்தானே படிக்கிறோம்.

மென்பொருள் தமிழாக்கத்தில் நாங்கள் நெட்வொர்க்குக்குப் ‘பிணையம்’ போடுகிறோம். ஆனால் ஆசிரியருக்குப் பிணை என்றால் ஜாமீன். அதனால் அதை நானே சிபாரிசு செய்ய மாட்டேன். கற்றல் சுற்றம் என்றால் என்ன? குறளில் சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அந்த மலைப்பள்ளி ஆசிரியைக்கு அந்தக் குழு சுற்றம் இல்லாமல் வேறென்ன?

மடல் 4: யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். எங்கட பக்கம் ‘வலையமைப்பு’ புழக்கத்தில் உள்ள சொல். ஆசிரியர் வாண்மை விருத்திக் (தொழில்திறன் மேம்பாட்டுக்) கருத்தரங்குகளில் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். விளங்குகிற சொல்லை ஏன் கைவிட வேண்டும்?

சுற்றம் இனிமையான சொல்தான், ஆனால் அதில் ஆட்கள் மட்டுமே அடங்குவர். 2000களின் நடுவில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் முன்வைத்த இணைப்பியக் கொள்கையில், அதாவது கற்றல் தொடர்புகளின் பின்னலில் நடக்கிறது என்ற கொள்கையில், தளமும் தரவுத்தளமும் கருவியும்கூடக் கணுக்கள்தான். அறிவு மனிதரல்லாத சாதனத்திலும் தங்கலாம் என்று சீமென்ஸ் எழுதியிருக்கிறார். இணையவழிக் கற்றல் தளங்களான எங்கள் ஈ-தக்சலாவவும் உங்கள் திக்‌ஷாவும் யாருக்குச் சுற்றம்? ‘கற்றல் வட்டம்’ என்று யாரும் சொல்ல முன்னர் அதற்கும் சொல்லிவிடுகிறேன்: வட்டத்துக்கு விளிம்பு உண்டு, உறுப்பினர் பட்டியல் உண்டு. இதற்கு இரண்டும் இல்லை.

மடல் 5: மதுரையிலிருந்து

சுற்றம் பிறப்பால் வந்தவருக்கு மட்டும் உரியதல்ல. அரசனைச் சூழ்ந்தோரையும் சுற்றம் என்றார்கள். ஆனால் யாழ்ப்பாண நண்பர் சொன்ன தடை சரியானது, தளத்தைச் சுற்றம் என்பது பொருந்தாது. அதற்காக வலையைப் பிடித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. தமிழில் வலை வீசுபவன் ஒருவன், அகப்படுவது இன்னொன்று. இங்கே வீசுபவரும் இல்லை, அகப்படுபவரும் இல்லை. தொடர்பு என்றால் ஆளோடும் வரும், நூலோடும் வரும்.

மடல் 6: தருமபுரியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை கோப்பை அனுப்பியாக வேண்டும். நேற்றைய கூட்டத்தில் இழையில் வந்த சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ‘கற்றல் சுற்றம்’ பலருக்குப் பிடித்தது, ஆனால் அதில் திக்‌ஷாவைச் சேர்ப்பீர்களா என்றால் தயங்கினார்கள். ‘பயில்தொடர்பு’ அழகு என்றார்கள். விளக்காமல் யாருக்கும் புரியவில்லை. கடைசியில் இயல் தலைப்பு ‘ஆசிரியரின் கற்றல் தொடர்புகள்’ என்று போகிறது. ‘பெர்சனல்’ தரும் ‘தன்’ என்ற பொருளை ‘ஆசிரியரின்’ என்ற ஆறாம் வேற்றுமை பார்த்துக்கொள்ளும். மதுரைப் பேராசிரியர் ஐயாவின் ‘பயில்தொடர்பு’ என்ற சொல்லைக் கலைச்சொல் பட்டியலில் மாற்றுச் சொல்லாகச் சேர்த்திருக்கிறேன்.

மடல் 7: கோவையிலிருந்து

சரி அம்மா, அச்சுக்குப் போகட்டும். என் மறுப்பு மட்டும் இழையில் இருக்கட்டும். கைபேசியில் ‘தொடர்புகள்’ என்று ஏற்கெனவே ஒரு பொத்தான் இருக்கிறது, திறந்தால் தொலைபேசி எண்கள் வரும். உங்கள் இயலின் முதல் பயிற்சியே ‘உங்கள் கற்றல் தொடர்புகளைப் பட்டியலிடுக’ என்று இருந்தால் பாதிப் பேர் எண்களைத்தான் எழுதித் தருவார்கள். குறைந்தது அந்தப் பயிற்சிக்கு மேலாவது பம்பு கதையைப் போட்டுவிடுங்கள்.