உதவி தேவை: குடும்பம் ஏறணும், ஓட்டவும் ஜாலியா இருக்கணும், 4.5 லட்சத்துக்குள் பழைய கார்

ஆழியார்_வளைவு:
வணக்கம். கோவை வடவள்ளியில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், சைல்டு சீட்டில் உட்காரும் மகன், முட்டி வலியோடு அப்பா. இப்போது இருப்பது பழைய ஆல்டோ. ஐந்து பேரும் கிளம்பினால் எந்தப் பையை வீட்டில் விடுவது என்று பஞ்சாயத்து நடக்கும்.

கையில் 4.5 லட்சம். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், வாங்கியதும் பார்க்க வேண்டிய வேலை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மாதம் 800, 900 கிலோமீட்டர் ஓடும். பாதி டவுனுக்குள், மீதி பொள்ளாச்சி, பழனி.

சிக்கல் என்னவென்றால், எனக்கு ஓட்டப் பிடிக்கும். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஆல்டோ படும் பாட்டைப் பார்த்துவிட்டேன். இரண்டாம் கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது மிதித்தால் வண்டி இழுக்க வேண்டும். ஸ்டியரிங்கில் உயிர் இருக்க வேண்டும். மனைவியும் ஓட்டுவார் என்பதால் பெரிய வண்டி வேண்டாம்.

பார்த்து வைத்திருப்பவை: 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2014 ஹோண்டா சிட்டி பெட்ரோல், 2017 ஃபோர்டு ஆஸ்பயர் 1.5 டீசல். மூன்றுக்கும் நாலு லட்சத்தைச் சுற்றித்தான் கேட்கிறார்கள். கடையை மூடிவிட்டுப் போன கம்பெனி வண்டியை யாராவது வாங்குவார்களா என்கிறார் மாமனார். மச்சான், பேசாமல் ஸ்விஃப்ட் எடுங்க என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வேகன்ஆர்_அப்பா:
வேகன் ஆர் எடுங்க. அப்பா குனியாமல் ஏறுவார், எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும், விற்றாலும் விலை நிற்கும். ஜாலி எல்லாம் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பார்த்துக்கலாம்.

டீசல்_ஈரோடு:
வேகன் ஆர் நல்ல வண்டிதான், ஆனால் அவர் கேட்டது அது இல்லையே.

என் ஓட்டு ஆஸ்பயருக்கு. 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), ஒரு டன்னைச் சற்றே தாண்டிய எடை. இந்த விலையில் இந்தக் கணக்கு வேறு எங்கும் வராது. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) எழுந்ததும் சீட்டோடு சேர்த்து அமுக்கும். டிக்கி 359 லிட்டர். போலோவில் 280 தான். நீளம் நாலு மீட்டருக்குள் என்பதால் பார்க்கிங்கிலும் தொல்லை இல்லை.

மாமனாருக்குச் சொல்லுங்கள்: ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது உண்மை. ஆனால் சர்வீசும் உதிரிபாகமும் நிற்கவில்லை. இந்த 1.5 டீசல் இன்ஜின் ஈகோஸ்போர்ட், ஃபிகோ, ஃப்ரீஸ்டைல் எல்லாவற்றிலும் ஓடுவது, அதனால் ஃபில்டர், கிளட்ச் மாதிரி அடிக்கடி மாற்றுகிற சாமான் வெளியிலேயே கிடைக்கும். பம்பர், ஹெட்லைட் மாதிரி பாடி சாமானுக்குக் கொஞ்சம் காத்திருக்க நேரலாம். கம்பெனி போனதால்தான் விலை இறங்கியிருக்கிறது. அந்த லாபம் வாங்குகிறவருக்கு.

குறையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆஸ்பயரில் சஸ்பென்ஷன் கொஞ்சம் மென்மை, மலையில் வேகமாக வளைத்தால் சாயும். 2017-ல் ஸ்போர்ட்ஸ் பதிப்பு என்று ஒன்று வந்தது. 15 அங்குல சக்கரம், இறுக்கமான சஸ்பென்ஷன். அது கிடைத்தால் விடாதீர்கள்.

மல்டிஜெட்_மணி:
ஸ்டியரிங்கில் உயிர் வேண்டும் என்று கேட்டுவிட்டு ஃபியட்டை யாரும் சொல்லாமல் இருப்பது அநியாயம். புன்டோ ஈவோ 90 குதிரைத்திறன் டீசல், ஹைட்ராலிக் ஸ்டியரிங். ரோடு எப்படி இருக்கிறது என்பதைக் கை சொல்லும். உங்கள் பணத்தில் பாதிக்கே முடிந்துவிடும். இன்ஜின் ஸ்விஃப்ட் டீசலில் வந்த அதே 1.3 என்பதால் இன்ஜின் சாமானுக்குப் பயம் இல்லை. டிக்கி பெரிதாக வேண்டுமென்றால் ஃபியட்டின் லினியா.

சாவி_என்கிட்ட:
மணி அண்ணா, உங்கள் புன்டோவின் வலது கண்ணாடி இப்போது எங்கிருந்து வருகிறது? போன மழைக்காலத்தில் கேட்டபோது தேடிக்கொண்டிருந்தீர்கள்.

மல்டிஜெட்_மணி:
இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். சரி, வீட்டில் ஒரே வண்டி என்றால் ஃபியட் வேண்டாம். இரண்டாவது வண்டி என்றால் பேசலாம்.

சாவி_என்கிட்ட:
கேள்வி கேட்டவருக்கு. உங்கள் மனைவி எதை ஓட்டிப் பார்த்தார்? பதிவில் அது இல்லை. என் வீட்டில் கணவர் மட்டும் போய் ஓட்டிப் பார்த்து வாங்கி வந்த வண்டியில் எனக்குக் கிளட்ச் எட்டவே எட்டாது, சீட்டை முன்னே இழுத்தால் ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கும். டவுன் டிராஃபிக்கில் ஓட்டப்போவது உங்கள் மனைவி என்றால் கிளட்ச் கனம்தான் முதல் கேள்வி. டீசலில் அது தெரியும்.

அப்புறம் அப்பாவையும் கூட்டிப்போங்கள். சிட்டி தாழ்ந்த வண்டி, முட்டி வலி உள்ளவர்கள் உள்ளே உட்காருவதைவிட வெளியே எழுந்து வருவதற்குத்தான் திணறுவார்கள். டிக்கி 510 லிட்டர், பின்சீட் ஹால் மாதிரி, எல்லாம் சரி. ஆனால் ஐந்து பேரும் சாமானும் ஏறினால் நம் ஊர் வேகத்தடையில் அடி தட்டும்.

சைல்டு சீட்டையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். பின்சீட்டின் இடுக்கில் கையை விட்டால் சைல்டு சீட்டை நேராகப் பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கம்பி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் பெல்ட்டால் கட்டுகிற சீட் போதும், ஆனால் பெல்ட் நீளம் சுற்றி வர வேண்டும். அதற்குப் பக்கத்தில் மகள், அப்பா இருவரும் உட்கார்ந்து பார்க்கட்டும். போலோ இந்த இடத்திலேயே தோற்றுவிடும் என்று நினைக்கிறேன்.

கிரீஸ்_கை (திருப்பூர்):
போலோ ஜிடி டிஎஸ்ஐ ஓட்ட இனிமையான வண்டி, மறுப்பே இல்லை. 105 குதிரைத்திறன், தானாகக் கியர் மாறும் ஏழு கியர் டிஎஸ்ஜி. ஆனால் அந்த கியர்பாக்ஸில் மெக்கட்ரானிக்ஸ் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) போனால் பில் லட்சத்தில் பேசும். பத்து வருடம் தாண்டிய வண்டியில், 4.5 லட்சத்துக்கு மேல் கையில் காசு இல்லாதவர் எடுக்கிற ரிஸ்க் இல்லை அது. மாருதி பலேனோ ஆர்எஸ் நல்ல மாற்று, 1.0 டர்போ பெட்ரோல், மேனுவல். ஆனால் விற்றதே குறைவு, நல்லது மாட்டுவது அதிர்ஷ்டம்.

பாதுகாப்பையும் பாருங்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஏர்பேக் உள்ள போலோ 2014-ல் 4 நட்சத்திரம் வாங்கியது, ஆஸ்பயர் 2017-ல் 3. சாவி போட்டதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம்: ஏர்பேக் வெடித்த வண்டியில் விளக்கைக் கழற்றிவிட்டு விற்பது உண்டு.

வேளச்சேரிவாசி:
சென்னை வண்டி மலிவாக வந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. சீட்டை, கார்ப்பெட்டைக் கழுவுகிறவன் பெல்ட்டின் உள்பகுதியை மறந்துவிடுவான். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மணல், இவையும் சாட்சி. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டிலும் நனைந்த வண்டிகள் ஊர் ஊராகப் போயிருக்கின்றன.

ஆழியார்_வளைவு:
எல்லோருக்கும் நன்றி. குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சிட்டியிலிருந்து இறங்க அப்பா கதவைப் பிடித்து இரண்டு தரம் முயன்றார், அதோடு அது போச்சு. போலோவில் சைல்டு சீட் மாட்டியபின் அப்பாவும் மகளும் தோளோடு தோள் இடித்தார்கள். மனைவிக்கு ஆஸ்பயர் பிடித்திருக்கிறது, கிளட்ச் பரவாயில்லை என்கிறார்.

ஆனால் ஆஸ்பயரில் ஒரு சந்தேகம். வண்டி பழைய கார் விற்கிற ஒரு கன்சல்டிங்கில் நிற்கிறது. சிங்கிள் ஓனர், மீட்டரில் 78,000. மூன்றாம் கியரில் 1,800 ஆர்பிஎம்மிலிருந்து நன்றாக மிதித்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம், கண்ணாடியில் பார்த்தால் கருப்புப் புகை, எதிர்பார்த்த இழுவையும் இல்லை. ஐடிலில் அமைதியாக நிற்கிறது. டீசல் என்றால் அப்படித்தான் சார் என்கிறார் விற்கிறவர். டர்போ போய்விட்டதா?

கிரீஸ்_கை (திருப்பூர்):
டீசல் என்றால் அப்படி இல்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டர்போவைவிட, டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற ஹோஸில் கிழிசலோ கிளாம்ப் தளர்வோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உள்ளே வரும் காற்றை சென்சார் முதலிலேயே அளந்துவிடும். இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூ அதற்கேற்ற டீசலைக் கொடுக்கும். வழியில் காற்று கசிந்துவிட்டால் டீசல் மட்டும் மிச்சம், அதுதான் கருப்புப் புகை. இழுவை குறைவதும் அதனால்தான்.

நிறுத்தி வைத்து ரேஸ் செய்தால் சத்தம் வராமல் போகலாம், லோடு இல்லாமல் டர்போ அழுத்தம் ஏறாது. அதனால் பானெட்டைத் திறந்து ஹோஸைக் கையால் தடவிப் பாருங்கள். கசிகிற இடத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஈரக் கரியாகப் படிந்திருக்கும். வளைவுகளின் அடிப்பக்கத்தைத் தடவ மறக்காதீர்கள், அங்கேதான் கிழியும். ஹோஸ் என்றால் சில ஆயிரத்தில் முடிகிற வேலை.

டர்போவையும் சந்தேகம் தீரப் பார்த்துவிடலாம். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பைப்பைக் கழற்றினால் டர்போவின் விசிறி தெரியும். விரலால் ஆட்டினால் லேசான அசைவு பரவாயில்லை, விசிறி இதழ் சுவரில் உரசினால் டர்போ வேலை. நீலப் புகை வந்தாலும் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம், அப்படியானால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். கோளாறு கோடு (கம்ப்யூட்டரில் பதிவாகும் பிழை எண்) எதுவுமே இல்லை, நேற்றுத்தான் அழித்தது போல் எல்லாம் துடைத்திருக்கிறது என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

அடுத்த முறை காலையில், சொல்லாமல் போங்கள். போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் முக்கியம்.

டீசல்_ஈரோடு:
78,000 என்பதையும் அப்படியே நம்பவேண்டாம். வண்டி நம்பரைக் கொடுத்து ஷோரூம் சர்வீஸ் விவரம் கேளுங்கள், ஒவ்வொரு சர்வீசிலும் மீட்டர் எண் பதிவாகியிருக்கும். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்து மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் யாரோ திருப்பியிருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-ஆவது வாரம். அது இன்னும் முதல் செட் என்றால் நாலு டயர் காசை விலையில் கழியுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்ற வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும், அதையும் பாருங்கள்.

பாலக்காட்டுக்_கணவாய்:
கேரள நம்பர் மலிவாக வந்தால் மயங்காதீர்கள். அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபடி வாழ்நாள் வரி கட்ட வேண்டும். அதைக் கூட்டினால் மலிவு போய்விடும்.

ஆழியார்_வளைவு:
ஹோஸ்தான். கீழ்ப்பக்கம் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல், சுற்றிலும் கிரீஸ்_கை சொன்ன அதே கருப்பு ஈரம். எங்கள் மெக்கானிக் விசிறியையும் ஆட்டிப் பார்த்தார், உரசல் இல்லை. சர்வீஸ் விவரத்தில் கடைசியாக 71,000 பதிவாகியிருக்கிறது, கணக்கு ஒத்துப்போகிறது. ஹோஸை மாற்றித் தந்தால்தான் பேச்சு என்றேன், மாற்றிவிட்டார்கள். மருதமலை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். 2,000-ஐத் தாண்டியதும் வந்த இழுப்பில் பின்சீட்டில் இருந்த மகள் 'இன்னொரு வாட்டி' என்றாள். டயர் பழசு என்று 20,000 குறைத்து 3.85-க்கு முடிந்திருக்கிறது. டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார்கள். பேப்பரில் என்ன பார்க்க வேண்டும்?

கிரீஸ்_கை (திருப்பூர்):
நல்லது. இன்ஜின் ஆயிலையும் டீசல் ஃபில்டரையும் யார் என்ன சொன்னாலும் உடனே மாற்றுங்கள்.

சாவி_என்கிட்ட:
அட்வான்ஸுக்கு வண்டி நம்பர், பேசிய விலை, 'கடன் ரத்தாகாவிட்டால் பணம் திருப்பித் தரப்படும்' என்று எழுதிய ரசீது வாங்குங்கள். ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டிக் கடன் பதிவு) இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, இரண்டிலும் ஓனரே உங்கள் கண்முன் கையெழுத்துப் போடட்டும். எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்.சி. கெடு தெரிந்துவிடும். பாக்கி சலான் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளைக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அதற்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

ஆழியார்_வளைவு:
ஹெச்.பி. ஏற்கெனவே ரத்தாகியிருக்கிறது, ஆர்.சி. சுத்தம். மீதிப் பணத்தில் டயர் நாலும் மாற்றிவிடலாம். 14 அங்குலத்துக்கு எந்த டயர் போடலாம் என்று தனியாகக் கேட்கிறேன், இங்கே கேட்டால் மணி அண்ணா ஃபியட் சக்கரம் போடச் சொல்வார்.